பொறுமை பிறவிக் குணம்தானா?

சுயக்கட்டுப்பாடு பிறவியிலேயே வருவது, அமெரிக்க உளவியலாளர் வால்டர் மிஷெலின் மார்ஷ்மெல்லோ சோதனையே அதற்குச் சாட்சி என்று பொறுமை பற்றிய ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தின்பண்டத்தை முன்னால் வைத்து, "நான் வரும்வரை தொடாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகும் அதே சோதனை, ஆப்பிரிக்க நாடான கேமரூனில் ந்ஸோ இன விவசாயக் குடும்பங்களின் நான்கு வயதுப் பிள்ளைகளிடமும் நடந்திருக்கிறது. அங்கே வைத்தது பஃப்-பஃப், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை. அவர்களில் கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் காத்திருந்தார்கள். ஜெர்மனியின் நடுத்தர வர்க்கக் குழந்தைகளில் காத்திருந்தவர்கள் சுமார் 28 சதவீதம்தான். ஜெர்மன் குழந்தைகள் நெளிந்தார்கள், பாடினார்கள், எழுந்து நடந்தார்கள். ந்ஸோ பிள்ளைகள் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அப்படியே தூங்கியும் போனார்கள்! பெரியவர்கள் சொன்னால் அடங்கி இருக்க வேண்டும் என்பது அங்கே கைக்குழந்தைப் பருவத்திலேயே பழக்கப்படுத்துவது.

சரி, அது கீழ்ப்படிதல் மட்டும்தான் என்று யாராவது சொல்லலாம். 2022இல் வெளியான இன்னோர் ஆய்வைப் பாருங்கள். எல்லோருக்கும் பரிமாறும்வரை சாப்பாட்டில் கை வைக்காமல் வளரும் ஜப்பானின் கியோட்டோ நகரக் குழந்தைகள் உணவுக்கு அதிக நேரம் காத்திருந்தார்கள். பரிசுப் பொட்டலத்தைக் கிறிஸ்துமஸ் வரை பிரிக்காமல் வைத்திருக்கும் அமெரிக்கக் குழந்தைகளோ பரிசுக்குத்தான் அதிகம் காத்திருந்தார்கள். எதற்குக் காத்திருந்து பழகினார்களோ அதற்குத்தான் பொறுமை வந்தது. ஒரு குழந்தையைப் பார்த்து "இதற்குப் பொறுமையே இல்லை" என்று முத்திரை குத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்!

அப்புறம், காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் அதிகம் வெற்றி பெறுகிறார்கள் என்ற மிஷெலின் முடிவையே 2018இல் மறுபடி சோதித்தபோது, குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் காத்திருப்புக்கும் பிற்கால வெற்றிக்கும் உள்ள தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. கட்டுரையாளர் இதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.