ஒட்டுச்சித்திரம் 1950களில தொடங்கினதில்லை
ஒரு ஓவியரிட கண்காட்சியப் பற்றின இந்தக் கட்டுரையில, 1950களில அவர் கலர் பேப்பரையும் மரத்துண்டையும் ஒட்டிச் செய்தது தான் ஒட்டுச்சித்திரத்தில (கொலாஜ்) முதல் தடவை எண்ட மாதிரி எழுதியிருக்கு, அத என்னால ஏற்க முடியேல்ல. 1912லயே பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சடிச்ச எண்ணெய்ச்சீலைய ஓவியத்தில ஒட்டி சுத்திவரக் கயிறும் வச்சிட்டார், பிறகு ஜெர்மன் கலைஞர் ஷ்விட்டர்ஸ் ட்ராம் டிக்கெட்டக் கூட ஒட்டாம விடேல்ல. மேல கருத்துப் பகுதியில ஒருத்தர் இதெல்லாம் சின்னப்பிள்ளை வேலை எண்டு போட்டிருக்கிறார், அண்ணை, இஞ்ச திருகோணமலையில எங்கட அப்பப்பா கோயில் சப்பறத்துக்குக் கலர்த்தாள் வெட்டி ஒட்டுறத பக்கத்தில இருந்து பாத்திருக்கிறன், கோதுமை மாப் பசைய விரல் நுனியால தான் தடவுவார், கொஞ்சம் கூடினாலும் தாள் ஊறி சாயம் பக்கத்துத் தாளில இறங்கிடும், சிவப்புக்குப் பக்கத்தில பச்சைய வைக்க முந்தி தள்ளிப்போய் நிண்டு எவ்வளவு நேரம் பாப்பார் தெரியுமோ! கண்காட்சியில அந்த ஓவியரிட வேலைகளின்ட பின்பக்கத்தையும் காட்டினா நல்லம், பசையும் ஆணியும் எப்பிடிப் பிடிச்சு நிக்குது எண்டு பாக்க எனக்குச் சரியான ஆசை.