ஹப்பில் துருவை வைத்துக்கொண்டா புது டிஸ்க் மாட்டுவது?

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போன மாதம்தான் என் ஃபியட் அபார்த் புன்டோ காரின் முன்சக்கரம் இரண்டுக்கும் பிரேக் பேடும் டிஸ்க்கும் மாற்றினேன். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு; பேடு அதை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் கட்டை. ஃபியட் கார் விற்பனை இங்கே 2019-லேயே நின்றுபோனது. உதிரிபாகத்துக்கு எத்தனை பேர் காலைப் பிடிக்க வேண்டும் என்பது வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். அப்படி அலைந்து வாங்கிய சாமானை நாகர்கோவிலில் ஒரு ஒர்க்ஷாப்பில் கொடுத்து மாட்டச் சொன்னேன்.

மூன்றே வாரம். கீரிப்பாறையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறுகிறது. கொண்டுபோய்க் காட்டினால், "அண்ணே, புது பேடுல்லா, ஓட்ட ஓட்ட செரியாயிரும்" என்கிறார்கள். எப்படிச் சரியாகும்?

வீட்டில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை நானே கழற்றினேன். டிஸ்க்கை இழுத்தால் பின்னால் ஹப் முழுக்கத் துரு. டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பகுதிதான் ஹப். நகத்தால் சுரண்டினாலே பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. எங்கள் வீடு குளச்சலில், கடலுக்குக் கூப்பிடு தூரம். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்தத் துருவின் மேலேயே புது டிஸ்க்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். துரு இருக்கும் பக்கம் டிஸ்க் மயிரிழை அளவு தூக்கி நிற்கும். அது போதும். ஒவ்வொரு சுற்றிலும் பேடு அந்த மேட்டில் உரசும். உரச உரச டிஸ்க் ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் தடித்தும் போகும். அதற்கப்புறம் எவ்வளவு ஓட்டினாலும் உதறல் கூடுமே தவிரக் குறையாது. கம்பி பிரஷால் பத்து நிமிடம் தேய்த்திருந்தால் முடிந்திருக்கும்!

இது மட்டுமா? பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்விதான் காலிப்பர். அது நகர்ந்துகொடுக்கும் பின்களில் பொட்டு கிரீஸ் இல்லை. ஒன்றைக் கையால் அசைக்கவே முடியவில்லை. அது இறுகினால் ஒரு பக்கத்துப் பேடு மட்டும் தேய்ந்து தீரும். வேலை நடந்த அன்று காலிப்பரை பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸிலேயே தொங்க விட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு துண்டுக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவைக்க என்ன கேடு? கேட்டதற்கு "ஒண்ணும் செய்யாது". பழைய டிஸ்க்கையே லேத்தில் கொடுத்துக் கடைந்து போட்டுவிடலாம் என்று முதலில் சொன்னவர்களும் இவர்கள்தான். தடிமன் எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது. அதை ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

145 குதிரைத்திறன் வண்டி. நிறுத்தும் பாரத்தில் பெரும்பங்கு அந்த முன்பக்க நான்கு பேடுகள் மேல்தான். அன்றைக்குக் கீரிப்பாறை வளைவில் எதிரே லாரி வந்தபோது பின்சீட்டில் என் அம்மாவும் மகளும் இருந்தார்கள். அப்போது மிதித்த மிதியில்தான் முதல் உதறல்.

கூலியைக் குறைக்காமல் வாங்கிக்கொண்டார்கள். டிஸ்க் இரண்டுக்கும் நான் மறுபடி அலைய வேண்டும். கம்பி பிரஷ் வாங்கி வைத்துவிட்டேன். இந்த முறை வேறு யாரையும் தொட விடமாட்டேன்.