சட்டம்னா சட்டம்தானாம்!

அநியாயமான சட்டத்தை மீறிப் போராடலாமா என்று நேற்று நடந்த விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். "சட்டத்தை மீறுகிறவன் எவனாக இருந்தாலும் ரவுடிதான்" என்று ஒரே போடாகப் போட்டார் அதில் பேசிய ஒரு பெரியவர். அதைவிட அந்தக் கைதட்டல்தான் வலித்தது.

சட்டத்தை மீறுவது வேறு, சட்டத்துக்கு டிமிக்கி கொடுப்பது வேறு. உப்பு எடுக்கப் போன காந்தி, 1930 மார்ச் 2ஆம் தேதியே வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதிச் சொல்லிவிட்டுத்தான் 12ஆம் தேதி கிளம்பினார். எந்த ரவுடி ஐயா முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டுப் போகிறான்?

"போய் உட்கார்ந்துட்டா போராட்டமா?" என்று இன்னொருவர். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்கள் 1960இல், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகக் கவுண்டரில் போய் உட்காரும் முன் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். சக மாணவரே திட்டுவார், தள்ளுவார், முகத்தில் புகை விடுவார். திருப்பி அடிக்கக் கூடாது, பதில் பேசக் கூடாது, நிமிர்ந்து கவுண்டரைப் பார்த்தே உட்கார வேண்டும். ஒரு வரிசையைக் கைது செய்தால் அடுத்த வரிசை வந்து உட்காரும். 50 டாலர் அபராதத்தைக் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். மே மாதம் அந்தக் கவுண்டர்கள் கறுப்பினத்தவருக்கும் திறந்தன. டிமிக்கி கொடுக்கிறவன் செய்கிற வேலையா இது?

சொதப்புவது பயிற்சியில்லாத கூட்டத்தில்தான். 1922இல் வட இந்தியாவின் சௌரி சௌரா என்ற ஊரில் போலீஸ் சுட்டதும் கூட்டம் காவல்நிலையத்தைக் கொளுத்தியது. 22 காவலர்கள் செத்தார்கள். காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார்.

"அப்போ ஆளாளுக்கு அநியாயம்னு சொல்லி மீறலாமா?" தாராளமாக. தண்டனையையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சல்லடையில் முக்கால்வாசிப் பேர் நிற்க மாட்டார்கள்.

"கோர்ட் இருக்கே?" இருக்கிறது. நிறப் பிரிவினை செல்லும் என்று 1896இல் தீர்ப்பளித்ததே அமெரிக்க உச்ச நீதிமன்றம்தான். பள்ளிகளில் செல்லாது என்று சொல்ல அதற்கு 1954 ஆயிற்று. 58 வருஷம். பொறுமையாக இருங்கள் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருகிறது. காத்துக் கிடந்தது நீங்களா?

ஒளிந்து மீறினால் தப்புதானே என்று மடக்க வராதீர்கள். அமெரிக்காவில் 1850இல் வந்த சட்டப்படி, தப்பி வந்த அடிமைக்கு அடைக்கலம் கொடுத்தால் 1000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. அப்படியும் சிலர் கொடுத்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் காட்டாமல். மேலே நான் போட்ட கணக்கு இங்கே உதவாது, தெரியும். சொல்லிவிட்டுச் செய்திருந்தால் உள்ளே இருந்தவரை விலங்கு மாட்டி இழுத்துப் போயிருப்பார்கள். அந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சட்டப் புத்தகத்தை நீட்டுவீர்களா?