ரங்கூனில் ‘பராசக்தி’யைக் குறை சொன்னால்

ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், கரண்ட் இருப்பதே சில மணி நேரம். அதிலும் பெரியப்பா ‘பராசக்தி’யைப் போட்டுவிடுவார். கோர்ட் சீனில் சிவாஜி வாய் திறப்பதற்குள் இவர் வசனத்தை ஒப்பித்துவிடுவார். கையில் இருக்கும் மோஹிங்கா (பர்மிய மீன் நூடுல்ஸ் சூப்) ஆறிப்போகும். 1952-ல் வந்த படம், சிவாஜிக்கு முதல் படம், கருணாநிதி வசனம், எல்லாம் சரி. அந்த ஒரு சீனை நானும் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். ஆனால் நடுவில் என்னமாய் இழுக்கிறது! கதையில் அண்ணன் தம்பி மூவரும் ரங்கூன்காரர்கள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது நம் ஆட்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு ஓடிய கொடுமையை மட்டும் படம் சட்டென்று தாண்டிவிடுகிறது. இதை நாம் கேட்காமல் யார் கேட்பது? கேட்டால், “உனக்குத் தமிழ்ப் பற்றே கிடையாதுடா” என்கிறார் பெரியப்பா. படம் இழுக்கிறது என்றதற்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் பெரியம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொள்கிறார்.