அந்த அட்டைக்குப் பேருதான் யூபி40

நேத்து அந்தப் பதிவைப் பார்த்திருப்பீங்க. யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. "யூபி40 மாதிரி அரசியல் கலக்காம மனசுக்கு இதமா பாட இப்ப யாரு இருக்கா?"ன்னு எழுதி, அவங்களோட 'ரெட் ரெட் ஒயின்' பாட்டை ஒட்டி, ஹார்ட்டா அள்ளியாச்சு. நல்லா இருங்க.

அரசியல் கலக்காம! அய்யா, அந்த பிரிட்டிஷ் ரெகே இசைக்குழுவோட பேரே ஒரு அரசாங்கப் படிவம். பிரிட்டன்ல வேலையில்லாதவங்க உதவித்தொகை வாங்கப் போறப்ப கையில வச்சிருந்த அட்டையோட நம்பர். 1980ல வந்த முதல் ஆல்பம் 'சைனிங் ஆஃப்' உறையைப் பாருங்க. அந்த அட்டையேதான். முன்பக்கத்துக்கு முன்பக்கம், பின்பக்கத்துக்குப் பின்பக்கம். ஆல்பத்தோட பேரு மேல ரப்பர் ஸ்டாம்பா குத்தியிருக்கும். "வேலை கிடைச்சிருச்சு, என் பேரை எடுத்துடுங்க"ன்னு சொல்றதுக்குத்தான் அங்க சைனிங் ஆஃப்.

தாட்சர் பிரிட்டன் பிரதமரா வந்து ஒரு வருஷம். வேலையில்லாதவங்க கணக்கு 20 லட்சத்தைத் தொட்ட நேரம். பர்மிங்காம்ல கறுப்பும் வெள்ளையுமா எட்டுப் பசங்க, தயாரிப்பாளர் பாப் லாம்ப் வீட்டுல பதிவு பண்றாங்க. இடம் பத்தாம தாள வாத்தியத்தைத் தோட்டத்துல வச்சு வாசிச்சதுல பறவைச் சத்தமும் சேர்ந்து பதிவாச்சு. இதமா இருக்குல்ல? அதே ஆல்பத்துல 'டைலர்'னு ஒரு பாட்டு. அமெரிக்காவோட லூசியானாவில வெள்ளைக்காரங்க மட்டுமே இருந்த ஜூரி குற்றவாளின்னு சொல்லி, 17 வயசுல மரண தண்டனைக் கைதியான கேரி டைலரைப் பத்தினது. அரசியலே இல்ல, பாருங்க.

எங்கிட்டயும் ஒரு அட்டை இருந்துச்சு. எம்ப்ளாய்மெண்ட் கார்டு. மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். அம்மா ரேஷன் கார்டோட ஒரே பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல வச்சிருந்தாங்க. மூணாவது தடவை போனப்ப, பின்னாடி நின்னவர் "இன்னுமா தம்பி?"ன்னு சிரிச்சார். கெட்ட மனுஷன் இல்ல, அவர் கையிலயும் அதே கார்டுதான். ஆனா அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் சோறு சாப்பிடல. இந்த உறையை முதல்ல பார்த்தப்ப அந்தச் சிரிப்புதான் காதுல கேட்டுச்சு. அப்படி ஒரு அட்டையைத் தூக்கி முகப்புலயே வைக்கலாமா? வெட்கப்படாம?

"பின்னாடி அவங்களே காதல் பாட்டுக்குப் போயிட்டாங்களே"ம்பீங்க. போனாங்க. ரெட் ரெட் ஒயின் 1983, அதுவும் நீல் டைமண்ட் பாட்டு. சம்பாதிக்கட்டுமே, உங்களுக்கு என்ன?

"பாட்டு பாடி என்ன மாறிச்சு? தாட்சர் 83லயும் 87லயும் ஜெயிச்சாரே?" ஜெயிச்சார். கேரி டைலர் வெளியே வந்தது 2016ல, 41 வருஷம் கழிச்சு. பாட்டு கதவைத் திறக்கலதான். ஆனா அரசியல் பேசாம இதமா இருந்தவங்க எத்தனை கதவைத் திறந்தீங்க? எனக்கு அந்த "இதமா"தான் எரியுது. நாங்க வரிசையில நின்னப்பவும் இதே ஆளுங்கதான் "நெகட்டிவா பேசாதப்பா"ன்னாங்க.

"சில் ப்ரோ"ன்னு கமெண்ட் போட வர்றவங்க, அதே ஆல்பத்தோட வந்த 'மேடம் மெடூசா'வை முழுசா கேட்டுட்டு வாங்க. தாட்சரைத்தான் பாடியிருக்காங்க. 12 நிமிஷத்துக்கு மேல ஓடும். நான் இங்கதான் இருப்பேன்.