ஈஸ்ட்கேட் கட்டடத்தில் மின்விசிறிகள் உண்டு

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரிலுள்ள ஈஸ்ட்கேட் மையம் கரையான் புற்றைப் போல மின்சாரமே இல்லாமல் தானாகக் குளிர்கிறது என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் ஆரூப் நிறுவனப் பொறியாளர்களுடன் வடிவமைத்து, 1996இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில் வழக்கமான குளிர்சாதன அமைப்பு இல்லை. ஆனால் காற்றை இழுத்துத் தள்ளுபவை மின்விசிறிகளே. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஹராரேயின் இரவுகள் குளிர்ந்தவை. அந்த இரவுக் காற்றை விசிறிகள் தளங்களுக்கு அடியிலுள்ள வெற்றிடத்தின் வழியே செலுத்த, அங்கே பற்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் துண்டுகள் குளிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் அதே வழியாக வரும் காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்புகின்றன. சூடேறிய காற்று கூரைப் புகைபோக்கிகள் வழியே வெளியேறுகிறது.

கரையான் புற்று உள்ளே வெப்பநிலையை மாறாமல் வைத்திருக்கிறது என்ற விளக்கமும் பழையது. ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் ஆகியோரின் ஆய்வின்படி, கரையான் கூட்டின் வெப்பநிலை சுற்றியுள்ள மண்ணின் வெப்பநிலையோடு சேர்ந்தே ஆண்டு முழுவதும் மாறுகிறது. மேலே எழும் புற்று, நுரையீரலைப் போல வளிப் பரிமாற்றத்துக்கே உதவுகிறது. இதனால் பியர்ஸின் சாதனை சிறிதும் குறையாது. இரவிலும் வெக்கை தணியாத கடலோர நகரங்களில் இப்படிப்பட்ட கட்டடத்தை அப்படியே கட்டலாம் என்ற பரிந்துரைதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது, ஏனெனில் கான்கிரீட்டைக் குளிர்விக்கும் இரவு அங்கே கிடைப்பதில்லை.