45 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்வதை எப்போது நிறுத்துவீர்கள்?

மாதக் கடைசி நாள் மாலையில், கணக்கை முடித்து அனுப்ப வேண்டிய நேரத்தில், எங்கள் அலுவலகக் கணக்கியல் மென்பொருள் என்னை உள்ளே விட மறுத்தது. கடவுச்சொல்லின் 45 நாள் ஆயுள் முடிந்துவிட்டதாம். புதியது ஒன்றை இட்டேன். பெரிய எழுத்து இல்லை என்றது. சேர்த்தேன், சிறப்புக் குறியீடு இல்லை என்றது. அதையும் சேர்த்தபோது, முன்பே பயன்படுத்திய கடவுச்சொல் என்று தள்ளியது. ஒருவழியாக ஏற்றுக்கொண்ட கடவுச்சொல்லை அடுத்த சில நிமிடங்களில் நானே மூன்று முறை தவறாக இட்டேன், கணக்கு பூட்டப்பட்டது. அதைத் திறந்துவிடும் அதிகாரம் உள்ள ஒரே நிர்வாகி அன்று விடுப்பில் இருந்தார்.

ஒரு மாலைப்பொழுது வீணானதற்காக மட்டும் நான் கொதிக்கவில்லை. இந்த விதிகள் பாதுகாப்பைக் குறைக்கின்றன என்பதை அன்றாடம் கண்ணெதிரே பார்க்கிறேன். எங்கள் பிரிவில் பெரும்பாலோர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அதன் கடைசி எண்ணை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டுகிறார்கள். சிலர் தாளில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் செருகியிருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறேழு மென்பொருள்களுக்கு, ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் காலாவதியாகும் கடவுச்சொற்களை மனத்தில் வைத்திருக்கும்படி மனிதரிடம் கேட்டால் வேறு என்ன நடக்கும்?

இதை ஆராய்ந்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காலாவதியான 7,700-க்கும் மேற்பட்ட கணக்குகளின் பழைய கடவுச்சொற்களை வைத்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய கடவுச்சொல் தெரிந்தால் சுமார் 17 விழுக்காடு கணக்குகளில் அடுத்ததை ஐந்துக்கும் குறைவான ஊகங்களில் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். கட்டாய மாற்றம் திருடனை வெளியே நிறுத்தும் என்ற நம்பிக்கையே அங்கு உடைந்துபோகிறது.

பெரிய எழுத்து, எண், குறியீடு என்ற கலவை விதியைப் பரப்பியதில் பெரும்பங்கு அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-இல் தயாரித்த வழிகாட்டிக்கு உண்டு. அந்தப் பகுதியை எழுதிய பில் பர், தாம் செய்தவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டில் நிஸ்ட் தன் வழிகாட்டியைத் திருத்தியது: காரணமின்றிக் கால இடைவெளியில் மாற்றச் சொல்லக் கூடாது, கலவை விதி வேண்டாம், 64 எழுத்து வரையிலாவது நீளத்தை அனுமதிக்க வேண்டும், ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு அவற்றை மறுக்க வேண்டும். மைக்ரோசாஃப்டும் 2019-இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் மென்பொருள் 12 எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை. எனக்கு மட்டுமே பொருள்படும் நான்கைந்து சொற்களைக் கோத்து, நீளமாகவும் மறக்காததாகவும் ஒரு கடவுச்சொல் வைக்க நான் அணியமாக இருக்கிறேன், அதற்கு இடமில்லை. கடவுச்சொல் மேலாளரிலிருந்து (கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலி) நகலெடுத்து ஒட்டுவதையும் தடுத்து வைத்திருக்கிறார்கள், இதைவிடப் பொறுப்பற்ற ஒரு தடையை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. ஆனால் உண்மையிலேயே பயன்படக்கூடிய இருபடிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் எண் போன்ற இன்னொன்றையும் கேட்பது), அமைப்புகள் பக்கத்தில் இன்றுவரை அணைத்தே கிடக்கிறது.

நிர்வாகியிடம் கேட்டேன். தணிக்கைப் படிவத்தில் 'கடவுச்சொல் காலாவதி உண்டா' என்றொரு கேள்வி இருப்பதால்தான் இந்த விதி என்றார். அந்தக் கேள்வியை எழுதியவர் யார், எப்போது எழுதினார், இன்றைக்கும் அது பொருந்துமா என்று தணிக்கையாளரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா என்றேன். அவரிடம் பதில் இல்லை. அடுத்த மாதக் கணக்கு முடிவதற்குள் அதைக் கேட்டுச் சொல்லும்படி எழுத்து மூலமாகவே கோரிக்கை கொடுத்திருக்கிறேன்.